எண்பதில் நிறுத்து

சகலை தர வேண்டியது ஒன்பதாயிரத்து நானூற்று எழுபத்தைந்து ரூபாய். அதில் ஒன்பதாயிரத்து நானூறு, பேட்டரி வண்டிக்கு முன்பணம் குறைந்தபோது கொடுத்தது. எழுபத்தைந்து, அன்றைக்கு ஷோரூமுக்குப் பக்கத்தில் இருவரும் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு. சாப்பாட்டைக் கடனில் சேர்க்கலாமா என்று நிதானத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. சகலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்த பிறகு கூச்சம் போய்விட்டது. சேர்த்துக்கொண்டார்.

நிதானம் என்பது சந்தையில் அவருக்கு வைத்த பெயர். மூன்று சக்கரப் பெடல் வண்டியில் மூட்டை ஏற்றி மிதிப்பவர். பின்னால் லாரி எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவருக்கு ஒரே வேகம்தான். வேகமாகப் போக ஆசை இல்லாமல் இல்லை, முட்டி விடவில்லை. அதனால் வண்டிக்கு ஒரு சின்ன மோட்டார் வைக்கலாம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த மோட்டார்ப் பணம்தான் சகலையின் முன்பணமாகப் போனது.

அவராக மனம் உவந்து கொடுக்கவில்லை. மனைவியின் தங்கை ஒரு நாள் வந்து, அக்காவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். மனைவி எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். தங்கச்சி முன்னால் பெட்டியைத் திறந்துவிட்ட பிறகு நிதானம் என்ன சொல்ல முடியும்? "வாங்கிக்கோம்மா" என்றார். சொல்லும்போதே முட்டி வலித்தது.

சகலையும் நேற்று வரை அதே சந்தையில் தலையில் மூட்டை சுமந்தவன்தான். வண்டி வந்த மறுநாள் முதல் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினான். அந்த வண்டியிடம் நிதானத்துக்குப் பிடிக்காதது அதன் சத்தமின்மை. டீசல் வண்டி என்றால் வருவது காதில் விழும், மனதைத் தயார் செய்துகொள்ளலாம். இது பூனை மாதிரி பக்கத்தில் வந்து நிற்கும். "வரட்டுமா அண்ணே" என்று ஒரு குரல். திரும்புவதற்குள் தெருமுனை தாண்டியிருக்கும்.

அந்த வண்டி கரண்டு சாப்பிட்டதும் நிதானத்தின் வீட்டில்தான். சகலையின் வீடு சந்துக்குள் மாடியில் இருந்தது, வண்டி நுழையாது. ராத்திரியில் வண்டியைச் சந்தைக் கொட்டகையில் பூட்டி வைப்பான், அங்கே பிளக் கிடையாது. நிதானத்தின் வீடு தெருவைப் பார்த்த வீடு. வெளிச்சுவரில் ஒரு பெரிய பிளக் உண்டு. அதன் ஸ்விட்ச் மட்டும் உள்ளே, ஜன்னலோரம், தையல் மிஷினுக்கு மேலே. காலைச் சந்தை முடிந்ததும் சகலை வண்டியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவான். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, மதியம் மில் லோடுக்கு எடுத்துக்கொண்டு போவான். கரண்டுக்கான காசை மாதா மாதம் சரியாகக் கொடுத்துவிடுவான். அதிலும் குறை சொல்ல வழியில்லை.

ஆனால் கடவுள் ஒரு வேலை செய்திருந்தார். ஷோரூமில் இருந்தவர், "இந்த வண்டிக்கு ஒரு டச் போன் வேணும்ங்க. சார்ஜ் பாக்கறது, நிறுத்தறது எல்லாம் போன்லதான்" என்றார். சகலையின் காசெல்லாம் வண்டிக்குப் போய்விட்டது. அவன் கையில் இருந்தது பட்டன் தேய்ந்த பழைய போன். நிதானத்திடம் டச் போன் இருந்தது, வெளியூரில் வேலை செய்யும் மகன், தான் புதிது வாங்கியதும், கொடுத்தது. "எங்க அண்ணன் போன்லயே போட்டுடுங்க, அவர் வீட்டுலதானே சார்ஜ் போடறோம்" என்றான் சகலை. அப்படி வண்டி ஒருவனிடமும் அதன் கடிவாளம் இன்னொருவரிடமும் போய்ச் சேர்ந்தது.

நிதானம் எழுத்துக் கற்றது நாற்பது வயதுக்கு மேல், சுமைக்காரர் சங்க அறையில். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அந்த ஆப்பில் படிக்க அதிகம் இல்லை. மேலே பச்சைக் கட்டத்தில் ஒரு எண். கீழே 'சார்ஜ் ஏறுகிறது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே 'நிறுத்து' என்று ஒரு பட்டன். மூட்டை இறக்கிவிட்டு நிழலில் நிற்கும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பார். முப்பத்தெட்டு. ஒரு கடைக்குப் போய் வந்து பார்த்தால் ஐம்பத்தொன்று. தான் இங்கே வெயிலில் ஊறுகிறோம், அது அங்கே சும்மா நின்றபடியே ஏறுகிறது, அதுவும் தன் வீட்டுச் சுவரிலிருந்து. இந்த நினைப்பு வந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரே ஒரு சுகம் இருந்தது. தூங்கி எழுந்ததும் சகலை பழைய போனிலிருந்து கூப்பிடுவான்.

"அண்ணே, எவ்வளவு ஏறிருக்கு?"

"இரு, பாக்கணும்ல." பார்த்துவிட்டுத்தான் எடுத்திருப்பார். இருந்தாலும் கொஞ்சம் காக்க வைப்பார். "தொண்ணூத்தி ரெண்டு."

"எடுத்துட்டுப் போகட்டுமா?"

"நூறு ஆகட்டும், என்ன அவசரம். நானெல்லாம் மிதிச்சுக்கிட்டுப் போகலையா?"

"நீங்க சொன்னா சரிண்ணே."

தன்னிடம் ஒருவன் 'போகட்டுமா' என்று கேட்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பிறகு மில் விவகாரம் வந்தது. மாவு மில்லிலிருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரொட்டிக் கடைகளுக்கு மூட்டை கொண்டுபோவது பல வருஷமாக நிதானத்தின் வேலை. வீட்டு வாடகையும் அரிசியும் அதில்தான் ஓடின. சந்தைச் சில்லறைச் சுமை கைச்செலவுக்குத்தான் காணும். பேட்டரி வண்டியைப் பார்த்ததிலிருந்து மில் மேனேஜர் லோடைப் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் ஒரே ஆள்தான். ரெண்டு பேருக்கு ரசீது போட்டு என் கை வலிக்குது. எவன் நேரத்துக்குக் கொண்டுபோறானோ அவனுக்கு."

வெளியே வந்ததும் சகலை தலையைச் சொறிந்தான். "நான் வேணா வேற இடம் பாக்கட்டுமாண்ணே?"

"எனக்காக நீ ஒண்ணும் விட வேணாம். ஓட்டு, ஓட்டு. யாரு கொண்டுபோறாங்கன்னு பாப்போம்." வீராப்பாகச் சொல்லிவிட்டார். சொன்ன வாயைத் தைக்கலாம் போல அன்று முழுவதும் இருந்தது. பேட்டரி வண்டி பாலத்தில் ஏறுவதை அவர் பார்த்திருக்கிறார். அது ஏறுவது மாதிரியே இருக்காது, பாலம்தான் குனிந்து கொடுப்பது போல இருக்கும்.

அந்த வாரம்தான் ஆப்பில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஓரத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைத் தொட்டதும் 'சார்ஜ் வரம்பு' என்று ஒரு கோடு வந்தது. கோட்டில் ஒரு புள்ளி நூறில் நின்றது. விரலால் தள்ளினால் நகர்ந்தது. கீழே பொடி எழுத்து. சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார். 'பேட்டரி நீண்ட நாள் உழைக்க எண்பதில் நிறுத்துவது நல்லது.'

இரண்டு முறை படித்தார். நல்லது என்றுதான் போட்டிருந்தது. வண்டி செய்தவனே சொல்கிறான். தான் கெடுதல் ஒன்றும் செய்யவில்லை, தம்பி முறை உள்ளவனின் பேட்டரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்றுதான். புள்ளியை எண்பதுக்குத் தள்ளினார். இந்த நல்லதைச் சகலையிடம் சொல்ல மட்டும் தோன்றவில்லை.

வண்டியின் முகப்பில் எண் எதுவும் வராது, ஐந்து கோடுகள்தான். அன்று நான்கு எரிந்தன.

"அண்ணே, நாலு கோடுதான் காட்டுது."

"அதுவா நின்னுடுச்சுப்பா. போதும்ங்குதோ என்னவோ."

"போதும்னா போதும்தான்" என்று சகலை எடுத்துக்கொண்டு போனான். அன்று பாலத்துக்கு இரண்டு நடைதான் போனான், மூன்றாவது நடைக்குப் பயந்துவிட்டான். அந்த மூன்றாவது நடை நிதானத்துக்கு வந்தது. முட்டி விண்விண் என்று தெறித்தது. ஆனால் மனசு குளிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பிடி கூடவே சாப்பிட்டார். "என்ன, இன்னைக்கு மூஞ்சி வெளிச்சமா இருக்கு?" என்றாள் மனைவி. "லோடு ஜாஸ்தி" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் மனைவியின் தங்கை, சின்னவள், வந்தாள். புருஷன் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு வந்தாள். இறங்காமலே கூப்பிட்டாள்.

"அக்கா, வாயேன், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். காத்து ஜிலுஜிலுன்னு வருது."

"எனக்கு எதுக்குடி? என் வண்டி இதோ இருக்கு" என்று மனைவி தையல் மிஷினைத் தட்டினாள். "நாளெல்லாம் ஓட்டினாலும் வாசப்படி தாண்டாது. பத்திரமான வண்டி."

"போக்கா. நாங்க கீழ் வீடா ஒண்ணு பாத்துட்டிருக்கோம். வாசல்லயே வண்டி நிக்கற மாதிரி. அப்புறம் உனக்குத் தொந்தரவு இருக்காது பாரு."

"இப்ப யாருடி தொந்தரவுன்னு சொன்னா?"

"சொல்லலைக்கா. நானா சொன்னேன். மாமா, நீங்களாவது வாங்களேன்!"

"எனக்குக் காத்து ஒத்துக்காதும்மா" என்றார் நிதானம்.

அவர்கள் போன பிறகு மனைவி மிஷினில் ஒரு பையைப் போட்டு, நூல் அறுந்தது தெரியாமல் வெறும் ஊசியாகவே ஓட்டிக்கொண்டிருந்தாள். கடைகளுக்குத் துணிப்பை தைத்துக் கொடுப்பது அவள் வேலை. பிறகு சொன்னாள்:

"கால்மேல காலாம். என் பழைய செருப்பைப் போட்டுத் திரிஞ்ச கால் அது."

"விடு."

"நான் என்ன பிடிச்சுக்கிட்டா இருக்கேன்? அவ புருஷனும் மூட்டை தூக்கினவர்தான், என் புருஷனும் மூட்டை தூக்கினவர்தான். ஒருத்தர் தலை நிமிர்ந்துடுச்சு. இன்னொருத்தருக்கு முட்டி மடங்குது. நான் விட்டுட்டேன்."

அவள் விட்டது நிதானத்தின் மேல் விழுந்தது. அன்று கோட்டில் புள்ளி எண்பதிலேயே நிற்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் விஷயம் அவர் நினைத்ததைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. எண்பதில் நிற்க வேண்டியது அறுபத்தைந்தில் நின்றது. ஒரு நாள் ஐம்பத்தெட்டு. மத்தியானம் பார்க்கும்போது சில நாள் பச்சைக் கட்டம் சிவப்பாகி, 'பிளக்கில் மின்சாரம் வரவில்லை' என்று காட்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி ஏறிக்கொண்டிருக்கும். தெருவில் கரண்ட் போகிறது போல என்று நினைத்துக்கொண்டார். தான் ஒரு கை வைக்க, மேலே இருக்கிறவனும் ஒரு கை வைக்கிறான் என்று ஒரு திருப்தி. வீட்டில் கேட்கவில்லை. கேட்டால், 'உங்களுக்கு எப்படித் தெரியும்? அதையேதான் பாத்துட்டிருக்கீங்களா?' என்று வரும். அந்தப் பேச்சு எதற்கு?

சகலையின் முகம் சுருங்கியது. மூன்று கோடு வண்டியை வைத்துக்கொண்டு பாலத்துக்கு ஒரு நடை போய்வரவே யோசித்தான். ஒரு நாள் மில் வாசலில் நிதானத்தின் வண்டிச் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"பேட்டரி படுத்துடுச்சுண்ணே. புது வண்டி. என் நேரத்தைப் பாருங்க. ஷோரூம்ல சொன்னேன். கொண்டுவந்து விடு, பிரிச்சு கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கறோம்னாங்க. யாரு எப்ப சார்ஜ் போட்டா, எதுல நின்னுதுன்னு எல்லாம் வந்துடுமாம்."

நிதானம் நிமிர்ந்தார். "எல்லாமா?"

"எல்லாம். நாளைக்கழிச்சு விடலாம்னு இருக்கேன். பத்து நாள் ஆகுமாம். அதுக்குள்ள மாசக் கடைசி வந்துடும். மில்லு போச்சு."

அன்றே ஒரு மறைவில் நின்று புள்ளியை நூறுக்குத் தள்ளினார். மனசாட்சி என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்குப் பயந்தார், அவ்வளவுதான். ஒரு நாள் நூறு ஏறிவிட்டால் அவனும் ஷோரூமை மறந்துவிடுவான்.

மறுநாள் மத்தியானம் லோடு ஜாஸ்தி. போனைப் பார்க்க நேரமில்லை. சகலையின் அழைப்பையும் எடுக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் மூட்டைகளோடு பாலத்தில் ஏறினார். நடுப்பாலத்தில் கூட்டம் நின்றது. கூட்டத்துக்கு நடுவில் பேட்டரி வண்டி, அதே சத்தமின்மையோடு. ஆனால் அசையவில்லை. பஸ்காரர் ஒருவர் கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "பொம்மை வண்டியெல்லாம் பாலத்துல கொண்டு வராதீங்கய்யா!" சகலை வண்டியைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். பின்னால் அத்தனை மூட்டை மாவு.

"ஒரு கோடு காட்டுச்சுண்ணே. எப்படியும் இறங்கிடலாம்னு நெனச்சேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நல்லவேளை நீங்க வந்தீங்க."

நிதானத்துக்கு ஒன்றும் புரியவில்லை. நூறில் அல்லவா வைத்தோம்? யோசிக்க நேரமில்லை. இருவரும் வண்டியை ஓரம் தள்ளினார்கள். மூட்டைகளைப் பெடல் வண்டிக்கு மாற்றினார்கள். நிதானம் மிதிக்க, சகலை பின்னால் தள்ளிக்கொண்டே வந்தான். சுமை இரட்டிப்பாக இருந்தும் வண்டி லேசாக ஏறியது. பின்னால் இருந்து மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சை நிதானம் ரசித்தார். அதே நேரம் திரும்பிப் பார்க்கவில்லை.

ரொட்டிக் கடைக்காரர் மில்லுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்ததும் மேனேஜர் வாசலிலேயே நின்றார். "மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு? நாளையிலேந்து மொத்த லோடும் உங்களுக்குத்தான் பெரியவரே. நிதானம்னு சும்மாவா பேரு வெச்சாங்க!"

ஜெயித்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜெயித்துவிட்டோம், ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கால் ஒத்துழைக்காததால் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

மறுநாள் முதல் நடை முடித்ததும் முட்டி வீங்கிவிட்டது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு வரலாம் என்று வீட்டுப் பக்கம் திரும்பினார். சகலை எப்படியோ வண்டியை இழுத்து வந்து சுவரோரம் மாட்டியிருந்தான். தெருமுனையில் நின்று, பழக்க தோஷத்தில் போனை எடுத்தார். சிவப்பு. 'பிளக்கில் மின்சாரம் வரவில்லை.'

போனை மூடப் போனவர் நின்றார். காதில் ஒரு சத்தம். அவர் வீட்டு ஜன்னலிலிருந்து வந்தது. கடகடவென்று தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் மோட்டார் வைத்த மிஷின் அது. கரண்ட் இல்லாமல் ஒரு தையல்கூட நகராது.

மெதுவாக நடந்து வாசலில் போய் நின்றார். மனைவி குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி சுற்றியது. ஜன்னலோரம் இருந்த இரண்டு ஸ்விட்சில் ஒன்று போட்டிருந்தது, வெளி பிளக்குக்கானது அணைந்திருந்தது. அணைந்திருந்ததன் மேல் மிஷின் எண்ணெய்க் கையின் கறை படிந்திருந்தது. ஒரு நாள் தொட்டதில் அவ்வளவு கறை படியாது.

"கரண்ட் இல்லையாமே" என்றார்.

அவள் துள்ளித் திரும்பினாள். "எங்க? இருக்கே."

"வெளி பிளக்குக்கு இல்லையாம்."

"யாரு சொன்னா?"

"போனு."

மிஷின் நின்றது. அவள் தைத்துக்கொண்டிருந்த பையை மடியில் மடித்து வைத்தாள், பிறகு பிரித்தாள்.

"அது போட்டா மிஷின் இழுக்க மாட்டேங்குது. வெளக்கு மங்குது. அவசர ஆர்டரு. அதான் கொஞ்ச நேரம்..."

"தெனமும் அவசரமா?"

"ஆமா, தெனமும்தான்!" அவள் குரல் உடைந்தது. "முந்தாநாள் வந்து சொல்லிட்டுப் போறா, கீழ் வீடு கிடைச்சிடுச்சுக்கா, ரெண்டு ரூமுன்னு. நேத்து ரொம்ப நேரம் போடவே இல்ல. போதுமா? நம்ம மோட்டாருக் காசு அதுல ஓடுது. நம்ம செவுத்துல தின்னுட்டு நம்ம லோடையே தூக்கிட்டுப் போகுது. நீங்க முட்டியைப் பிடிச்சிட்டு வர்றீங்க. எனக்குப் பொறுக்கல. நான் கெட்டவதான். போய்ச் சொல்லுங்க எல்லார்கிட்டயும்."

நிதானம் அந்தக் கறையைப் பார்த்தார். மேலே இருக்கிறவனின் கை என்று நினைத்தது இந்தக் கைதான். திட்டலாம். திட்டுவதற்கு வாயும் திறந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"ஆமா, நேத்தைக்கு ரொம்ப நேரம். சரி. அதுக்கு முன்னால எல்லாம் கொஞ்ச நேரம்தான் அணைச்சேன். அதுக்கே வண்டி அவ்வளவு படுத்துச்சா? உங்க போனு இதை மட்டும்தான் சொல்லுச்சா?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

"எழுத்துத் தெரியாதவ கண்ணுக்கு மூஞ்சி நல்லாத் தெரியும். தெனமும் அந்தப் போனைப் பாத்துட்டு நீங்க சிரிக்கற சிரிப்பு..."

"எண்பதுல வெச்சேன்" என்றார். "பேட்டரிக்கு நல்லதுன்னு போட்டிருந்துச்சு."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் ஸ்விட்சைப் பார்த்தார். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியாது. அது நல்ல சிரிப்பு இல்லை. திருடப் போன வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் இருட்டில் மோதிக்கொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. சிரித்து முடித்ததும் அவள் எழுந்து ஸ்விட்சைத் தட்டிப் போட்டாள். போன் ஒரு முறை அதிர்ந்தது.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம். சகலை. பின்னால் சின்னவள், கண் வீங்கி.

சகலை உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்துத் தையல் மிஷினின் பலகையில் வைத்தான். "அண்ணே, ஒன்பதாயிரத்து நானூத்தி எழுபத்தஞ்சு. எண்ணிக்கோங்க."

எழுபத்தைந்து என்றதும் நிதானத்துக்குக் காது சுட்டது. அதைப் பற்றி அவனிடம் சொன்னதே இல்லை. மனைவியைப் பார்த்தார். மனைவி தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். பெண்கள் பேசிக்கொள்ளாத கணக்கு எது?

"இவ்வளவு காசு ஏதுப்பா?"

"வண்டியைக் கேட்டு ஒருத்தர் வந்தாரு. கம்மி வெலதான். முன்பணம் குடுத்துட்டாரு. மொதல்ல உங்க கடனை அடைச்சிடலாம்னு. மீதி வந்ததும் பேங்குக்குக் கட்டிடுவேன். அந்தக் கீழ் வீடும் வேணாம்னு சொல்லிட்டோம். பேட்டரி செத்த வண்டியை வெச்சுட்டு என்ன பண்றது?" அவன் சிரிக்கப் பார்த்தான். "மில்லு லோடு மொத்தமும் உங்களுக்காமே, சந்தோஷம்ணே. பாலத்துல தனியா ஏத்த முடியாது உங்களால. நான் பின்னால தள்ளறேன். பாத்து ஏதாவது கூலி குடுங்க. ஷோரூம்ல பேர் மாத்தும்போது உங்க போன்லேந்தும் எடுத்துடுவாங்க. தொல்லை விட்டுச்சு உங்களுக்கு."

மிஷின் பலகையில் பணம் இருந்தது. கையை நீட்டினால் போதும். மோட்டார் வரும், மில் அவருடையது, சத்தமில்லாத வண்டி தெருவிலேயே இருக்காது. இத்தனை நாள் வயிறு எரிந்து கேட்டதெல்லாம் ஒரு கட்டாக மடித்து, அவர் கேட்காமலே வந்து உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொண்டால் வண்டி போய்விடும். வேறெதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

அவர் நேற்றுப் பாலத்தில் பின்னால் கேட்ட மூச்சை நினைத்துக்கொண்டார். இனி தினமும் அந்த மூச்சு. முன்னால் போகிறவனைப் பார்த்து வயிறு எரிய அவர் பழகிவிட்டார், அது ஒரு பிழைப்பு மாதிரி ஆகிவிட்டது. பின்னால் தள்ளுகிறவனைத் திரும்பிப் பார்க்க அவரால் முடியாது. நேற்றே முடியவில்லை.

"பேட்டரி சாகலை" என்றார்.

"என்னண்ணே?"

மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். "எங்க வீட்டு வயரிங்தான் தம்பி கோளாறு. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சோம். வெளி பிளக்குக்கு விட்டு விட்டு வந்திருக்கு."

"ஆமா, வயரிங்" என்றார் நிதானம். "உன் வண்டி கல்லு மாதிரி இருக்கு. இப்பப் பாரு, ஏறுது." போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். பதினாறு. பச்சை.

சகலை போனைப் பார்த்தான். பிறகு ஜன்னலோரம் இருந்த ஸ்விட்சைப் பார்த்தான். அதன் மேல் இருந்த எண்ணெய்க் கறையில் அவன் கண் கொஞ்ச நேரம் தங்கியது. பள்ளிக்கூடம் போனவன், மூட்டையும் தூக்கியவன். கறை எப்படி வரும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"வயரிங்தான் அண்ணி" என்றான் கடைசியில். "பழைய வீடுன்னா அப்படித்தான்."

சின்னவள் நிமிர்ந்து ஏதோ கேட்கப் போனாள். அவன் அவள் கையை அழுத்தினான்.

"அந்த ஆளுகிட்ட முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடு" என்றார் நிதானம். "நூறு ஆனதும் வண்டியை எடுத்துட்டு நேரா மில்லுக்குப் போ. லோடை நீயே தூக்கு. நான் மேனேஜர்கிட்டச் சொல்லிக்கறேன், பாலம் ஏற முட்டி விடலைன்னு. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற கடைங்களை மட்டும் எனக்கு விடு."

"அப்ப உங்க கடன்?"

"எங்க வயரிங்கால நீ விட்ட நடைக்கும், நேத்து பாலத்துல பட்ட அவமானத்துக்கும் அதுக்கும் சரியாப் போச்சு. பேசாம எடு."

பேசாமல் எடுக்கச் சகலைக்கு மனம் வரவில்லை. பிறகு நோட்டுக்கட்டை எடுத்து மடித்துக்கொண்டான். சில்லறையாக இருந்த எழுபத்தைந்தை மட்டும் பலகையிலேயே விட்டான்.

"சாப்பாட்டுக் காசை மட்டும் வாங்கிக்கோங்கண்ணே. ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிட்டது நான்தானே."

மனைவி நிதானத்தை முறைத்தாள். அவர் அந்தச் சில்லறையைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். பிறகு அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதையும் விட்டுக்கொடுத்தால் அவருக்கு அன்று தூக்கம் வந்திருக்காது.

மத்தியானம், வெந்நீர் ஒத்தடம் முடித்துச் சாப்பிட்டுக் காலை நீட்டியிருந்தபோது, சகலையின் மாடிவீட்டிலிருந்து பழைய போன் கூப்பிட்டது.

"அண்ணே, எவ்வளவு ஏறிருக்கு?"

இந்தத் தடவை காக்க வைக்கவில்லை. "நூறு" என்றார்.

வெளியே வண்டி எடுக்கும் சத்தம் கேட்குமா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். கேட்கவில்லை. எழுந்து ஜன்னலில் பார்த்தபோது சுவரோரம் காலியாக இருந்தது. வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டிருந்தது. அவருக்கு வயிறு லேசாக எரிந்தது. சட்டைப் பையில் எழுபத்தைந்து இருந்தது, கடன் ஒன்றும் பாக்கி இல்லை.